கோடாங்கி நிரப்பிய டப்பாக்கள்

எனக்கு இருபத்து மூன்று வயதில் கிடைத்த வேலை, ஊரார் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது. இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது. என் அம்மா கடைசிவரை சொல்லவேயில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம், "மக சர்க்கார் ஆராய்ச்சியில இருக்கா" என்பாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டுவிட்டால் காப்பி எடுத்துவர உள்ளே போய்விடுவாள். ஒரு மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் விடாமல் என்னிடமே கேட்டார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். சொல்லிவிட்டேன். அவர் கையில் எடுத்த முறுக்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அவ்வளவு நல்ல முறுக்கு வீணானதில் அம்மாவுக்கு உண்டு.

மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, நர்ஸ் வேலை கற்று முடித்திருந்த நேரம் அது. முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் கொக்கிப்புழு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து வந்த டாக்டர் ஒருவர், நான், ஒரு மைக்ராஸ்கோப், வண்டி நிறைய தகர டப்பாக்கள்.

கொக்கிப்புழு நூல் துண்டு அளவுதான் இருக்கும். குடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். ஒன்றிரண்டு இருந்தால் ஆளுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கில் இருந்தால் முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, நாலு எட்டு வைத்தால் உட்காரத் தோன்றும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து, ஈர மண்ணில் பொரித்து, வெறுங்காலோடு நடக்கிறவரின் பாதத் தோல் வழியாக உடம்புக்குள் ஏறிவிடும். இதை நான் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தேன். கோச்சடை தாண்டி மேற்கே, வாய்க்கால் பாசனமும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருந்த ஒரு ஊருக்கு ஆடி மாதத் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தோம். நிழலும் ஈரமும் வெறுங்காலும் சேர்ந்த ஊர். கொக்கிப்புழுவே இடம் பார்த்து ஊர் கட்டியிருந்தால் இப்படித்தான் கட்டியிருக்கும்.

காலியாகக் கிடந்த ஒரு மாட்டுக்கொட்டகையைக் கழுவி மைக்ராஸ்கோப்பை வைத்தோம். நான் வீடு வீடாகப் போய் ஐம்பது டப்பா கொடுத்தேன். தைல டப்பா அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினேன். பெயரைக் கேட்டதும் எல்லாரும் ஒரு மாதிரி முழித்தார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடிக்கால் வைத்திருந்த ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் வாசலில் இருந்தார்கள். மருமகளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பு என்பதே இல்லை, வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கிவர மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்து வருவாளாம். மாமியார் அதை நடித்தே காட்டினாள்.

"பாரு தாயி, இப்டி உக்காருவா. பெறகு இப்டி எந்திரிப்பா. அதுக்குள்ள வெயிலு சாஞ்சிரும். கட்டிக்கிட்டு வந்து மூணு வருசமாச்சு. இவ சோம்பலுக்கு எம் மகன் பலியாகணுமா? ஆவணியில எங்கண்ணன் மகளக் கூட்டியாந்து ரெண்டாந்தாரமா முடிச்சிருவேன். இவ அவுக ஆத்தா வீட்டுக்குப் போயிரட்டும்."

"இது சோம்பல் இல்லம்மா, நோயா இருக்கலாம்" என்றேன்.

"அப்பச் சரி. ஒன் டப்பாவே சொல்லட்டும். நோவுன்னு காயிதம் குடுத்தா நான் வச்சுப் பாக்குறேன். இல்லேன்னா அவ போகட்டும்."

மகன் கொடிக்கயிற்றை முறுக்கிக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல நின்றிருந்தான். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெரிய மனுஷி தோரணையில் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று நாளில் ஐம்பது டப்பாவும் வந்துவிட்டன. மற்ற ஊர்களில் கெஞ்சிக் கூத்தாடினாலும் பாதி வராது. வந்ததிலும் ஒன்றில் குங்குமம் இருக்கும், ஒன்றில் மூக்குப்பொடி இருக்கும். இந்த ஊரில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் அடுக்கி, மேலே வேப்பிலை போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "விழிப்புள்ள ஜனங்கள்" என்றார்.

உப்புத் தண்ணீரில் கரைத்து, மிதப்பதை ஸ்லைடில் ஒற்றிப் பார்ப்பது எங்கள் முறை. முதல் டப்பாவில் கொக்கிப்புழு முட்டை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஐம்பதாவது வரை இல்லவே இல்லை. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சுற்று வட்டாரமெல்லாம் புழு நெளியும்போது இந்த ஒரு ஊர் மட்டும் எப்படித் தப்பியது? ஊருக்குள் போய், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டுமென்று நினைத்த, வயலில் வேலையாக இருந்த ஒரு சம்சாரி, "காலையில வேப்பங்கொழுந்து திங்கோம் சாமி" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். டாக்டர் அன்றே ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார். புழுவற்ற ஒரு கிராமமும் வேம்பின் மகிமையும் என்பது விஷயம். மறுநாள் காலையிலிருந்து தானும் ஒரு பிடி வேப்பங்கொழுந்தை மென்றுகொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டே எழுதினார். எனக்கும் ஒரு பிடி வந்தது. நான் அவர் பார்க்காத நேரத்தில் மாட்டுத் தொட்டியில் போட்டேன்.

முடிவுகளை வீடு வீடாகப் போய் வாசிப்பதும் என் வேலைதான். கொடிக்கால் வீட்டில் மருமகள் பெயரைப் படித்து, "கொக்கிப்புழு இல்லை" என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும்? மாமியார் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"கேட்டீகளா? சர்க்காரே சொல்லிருச்சு. நோவு இல்ல, சோம்பலுதேன். ஆடி முடியவும் அனுப்பிருதேன்."

அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள். 

நான் வாய்க்கால் பாலம் வரை வந்துவிட்டேன். பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. அவள்தான். என்னைப் பிடிக்க அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, மூச்சு திரும்பியதும் சொன்னாள்.

"அக்கா, அந்த டப்பா என்னுது இல்ல."

"பின்னே யாரோடது?"

"கோடாங்கியோடது. என்னுது மட்டுமில்லக்கா, ஊர்ல இருக்க அம்புட்டும் அவரோடதுதேன்."

 கோடாங்கி என்பவர் அந்த ஊரில் உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். அவள் விளக்கிய பிறகுதான் என் மரமண்டையில் ஏறிற்று. அந்தப் பக்கத்தில் ஒருவருக்குச் செய்வினை வைக்க வேண்டுமானால் காலடி மண்ணோ தலைமுடியோ வேண்டும், அதோடு பெயர் வேண்டும், தகப்பன் பெயர் வேண்டும். நான் போய் அதைவிட அந்தரங்கமான ஒன்றைக் கேட்டு, பெயரும் தகப்பன் பெயரும் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஊர் கூடிப் பேசியிருக்கிறது. சர்க்காருக்கு இல்லையென்று சொல்ல முடியாது, கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. செய்வினை தீண்டாத ஒரே ஆள் கோடாங்கி. ஆகவே ஐம்பது டப்பாவையும் அவரே நிரப்பித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று நாள் அவரை உட்காரவைத்து, கம்மங்கூழும் கொய்யாப்பழமுமாக ஊரே ஊட்டியிருக்கிறது.

கொய்யாப்பழம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய் மிச்சமிருந்த டப்பாக்களைக் கிளறிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கொய்யா விதை இருந்தது. பல் இல்லாத கிழவர் பெயர் எழுதிய டப்பாவிலும் இருந்தது. கைக்குழந்தை பெயரிலும் இருந்தது. ஐம்பது தடவை அந்த விதைகளைப் பார்த்துவிட்டு, ஐம்பது தடவையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு வேலை பார்த்தவள் நான். ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி. என் ஒரு வரியால் அந்தப் பெண்ணின் குடித்தனம் போகப்போகிறது என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

டாக்டரிடம் சொன்னேன். "கொய்யா சீசன்மா இது" என்றார். கட்டுரை பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது, அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். "பிறந்து ஏழு மாசமான குழந்தை கொய்யாப்பழம் சாப்பிடுமா சார்?" என்று கேட்டேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.  பிறகு வாசலுக்குப் போய் வேப்பங்கொழுந்தைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

ஊர் கூடுகிற சாவடிக்குப் போனோம். நான் கத்தின கத்தில் புளியமரத்துக் காக்காயெல்லாம் எழுந்து போயிற்று. கோடாங்கி 'டக் டக்'கென்று மரக்குறடு ஒலிக்க நடந்து வந்தார். சாமி இறங்குகிற உடம்பு கண்ட மண்ணை மிதிக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே குறடு போட்டுப் பழகியவர். அவருக்கு மட்டும் ஏன் புழு இல்லை என்பது குறட்டைப் பார்த்ததும் எனக்கும் டாக்டருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"ஏமாத்துனேன்னு மட்டும் சொல்லாத தாயி" என்றார், மனம் நொந்து. "ஒவ்வொரு டப்பாவுக்கும் அந்தந்த ஆள மனசுல நெனச்சுத்தேன் போட்டேன். ஒண்ணுக்குக்கூட நெனைக்காமப் போடல."

ஊரே தலையாட்டியது. கொடிக்கால் வீட்டு மாமியார் முன்னால் வந்து, "அவரு அவள நெனச்சுப் போட்டா அது அவளுதுதேன். சர்க்காரும் பாத்துச் சொல்லிருச்சு. மறுக்கா மறுக்கா மாத்திப் பேசாத" என்றாள். அவள் பொய்யாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகக் கலவரமாக இருந்தது.

பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் கோடாங்கிதான் ஒரு வழி சொன்னார்.

"ஊரோடது உங்க கையில வரணும்னா, உங்களோடது எங் கையில இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் பேரெழுதி ஆளுக்கொரு டப்பா குடுங்க. நான் எங்குடிசையில கட்டித் தொங்கவிட்டுக்கிறேன். நீங்க எங்களுக்கு ஒண்ணு செஞ்சா நாங்க உங்களுக்கு ஒண்ணு செய்யலாம். ரெண்டு பக்கமும் பயம் இருக்கும்ல?"

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் சீமையில் படித்துப் பட்டம் வாங்கியவர். காதெல்லாம் சிவந்துவிட்டது. "விஞ்ஞானத்துக்காக" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு டப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று பணயத்துக்கு, ஒன்று எங்கள் மைக்ராஸ்கோப்புக்கு. நானும் அதேபோல இரண்டு எடுத்துக்கொண்டேன். தகப்பன் பெயர் என்ன சார் என்று நான் பேனாவோடு கேட்டபோது அவர் முழித்த முழி, ஊரார் என்னிடம் முழித்த அதே முழி.

மறுநாள் எங்கள் டப்பாக்கள் கோடாங்கி குடிசையின் விட்டத்தில் மஞ்சள் துணியில் தொங்கின. காற்றடித்தால் ஆடும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டாக்டர் நடையை எட்டிப் போடுவார். நம்பிக்கை இல்லாதவர் ஏன் நிமிர்ந்து பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இதைப் பார்" என்றார். பார்த்தேன். முட்டைகள் அழகாக மிதந்தன.

"கொக்கிப்புழு சார்! யாரோடது?"

"உன்னோடது."

நர்ஸ் ஷூ சேற்றில் கெட்டுப்போகுமே என்று, அதைக் கையில் பிடித்துக்கொண்டு போன வருஷம் முழுக்க வரப்பு வரப்பாக நடந்தவள் நான். வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று பிரசங்கம் செய்யும்போதும் ஷூ என் கையில்தான் இருந்தது. யாரும் சிரிக்காமல் கேட்டார்களே, நல்ல ஜனங்கள்.

ஊரின் பயம் தெளிய, புழு மருந்தை ஊர் பார்க்க நான் குடிப்பது என்று முடிவாயிற்று. வெறும் வயிற்றில் மூக்கைத் துளைக்கும் அந்த மருந்து, சற்று நேரம் கழித்துப் பேதி உப்பு. கொட்டகைக்கு எதிரே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து ஊரே பார்த்தது. கோடாங்கி எதற்கும் இருக்கட்டும் என்று உடுக்கையோடு வந்திருந்தார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. பிறகு உப்பு வேலை செய்தது. ஓலைத் தட்டிக்குப் பின்னால் நான் எத்தனை தடவை போய் வந்தேன் என்பதைப் பெண்கள் விரல் விட்டு எண்ணி, எண்ணிக்கையில் தகராறு வந்து, என்னிடமே கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் நான் எழுந்து ரசஞ்சோறு சாப்பிட்டதும், "உசுரோட இருக்கு" என்று கலைந்து போனார்கள்.

மறுநாள் காலை டப்பாக்கள் வர ஆரம்பித்தன. இந்தத் தடவை கூடையில் இல்லை. ஒவ்வொருவரும் தன்னுடையதைத் தானே முந்தானையிலோ துண்டிலோ மறைத்துக் கொண்டுவந்தார்கள். கொடிக்கால் வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை. ஆடி முடிய ஐந்து நாள்தான் இருந்தது. மருமகளின் துணிமணிகளை மூட்டை கட்டியாயிற்று என்று கேள்விப்பட்டேன்.

நானே போய் வாசலில் நின்றேன். மாமியார் பழைய காகிதத்தைக் காட்டி, "இதுல எழுதுனது நீதான?" என்றாள். என் கையெழுத்து என்னையே பார்த்து இளித்தது. சண்டை போடத்தான் போயிருந்தேன், ஆனால் சண்டை வரவில்லை. "நாந்தான். தப்பா எழுதிட்டேன்" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் அதிகம் சொன்னதில்லை. அப்போது பின்னால் குறட்டுச் சத்தம் கேட்டது.

"அந்தப் புள்ளைய நெனச்சு டப்பாவுல போடறப்பவே எனக்குக் கண்ணக் கட்டுச்சு ஆத்தா" என்றார் கோடாங்கி. "அப்பவே சந்தேகந்தேன். குடுத்துப் பாரு. நீயும் ஒண்ணு குடு. மாமியாளும் மருமகளும் சேந்து குடுத்தா ஒருத்தர ஒருத்தர் குறை சொல்ல முடியாது."

கண்ணைக் கட்டியது நிஜமோ, அந்த நேரத்துக்குச் சொன்னதோ, எனக்குத் தெரியாது. அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு டப்பாக்களும் வந்தன. மருமகளுடையதை ஸ்லைடில் வைத்துக் குனிந்தேன். எங்கு பார்த்தாலும் முட்டை. எண்ணுவதற்கு இடம் விடாமல் நெருக்கியடித்துக் கிடந்தன. இத்தனை புழுவை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஒரு குடம் தண்ணீர் தூக்கியதே பெரிது. மாமியாருடையதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்துவிட்டு, ஸ்லைடை மாற்றி இன்னொரு முறை பார்த்தார்.

வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தேன். மருமகளுக்குச் சோம்பல் இல்லை, நோய். மருந்து கொடுத்தால் தீரும். மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

"எனக்கு?" என்றாள் மாமியார்.

"உங்களுக்கு அவளைவிட அதிகம்மா."

"எம்புட்டு நாளா இருக்கும்?"

"ஒரு புழு சில வருஷம் இருக்கும். அது செத்தா காலு வழியா வேற ஏறும். கொடிக்காலுக்கு வந்த நாள்ல இருந்தே இருக்கலாம்."

அவள் மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். மருமகள் உட்காருவது இப்படித்தான் என்று அன்றைக்கு நடித்துக் காட்டினாளே, அதே மாதிரி உட்கார்ந்தாள். அது நடிப்பே இல்லை, அவளுக்குத் தெரிந்த விதம் அது என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

"பதினாறு வயசுல இங்க வந்தேன்" என்றாள். "கொடம் தூக்குனா மூச்சு வாங்கும். எம் மாமியா சோம்பேறிச் சிறுக்கின்னு சொல்லிக்கிட்டே இருந்து, சொல்லிக்கிட்டேதேன் செத்துச்சு. நானும் அப்டித்தேன் நெனச்சேன், எனக்கு ஒடம்பு வணங்கலன்னு. சோம்பேறின்னு பேரு வரக்கூடாதேன்னு விழுந்து எந்திருச்சு வேல பாத்தேன்."

 மகன் முதல் முறையாக வாயைத் திறந்து, "மாமனுக்குச் சொல்லி விட்டுரவா ஆத்தா, ஆவணிக்கு வேணாம்னு?" என்று கேட்டான். அவள் கையை ஆட்டினாள். சொல்லிவிடு என்று அர்த்தம்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"அத ஒரு காயிதத்துல எழுதிக் குடு தாயி. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சோம்பல் இல்ல, நோவுன்னு எழுது."

"பெயர் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"பேரு இல்லாமயா? எம் பேரு, எங்கப்பன் பேரு, எல்லாம் எழுது. பெருசா எழுது."